நகைப்பும் தீர்ப்பும்

நகைச்சுவைக் காட்சியொன்றைக் கண்டு வெளிவருவோரை, "எப்படி இருந்தது?" என வினவின், "வயிறு குலுங்க நகைத்தோம்" என்பர் சிலர், "நகைக்க அதில் ஒன்றுமில்லை" என்பர் வேறு சிலர். இக்கூற்றுக்கள் கண்டாரது இன்பத்தின் அளவை அறிவிக்கும். காட்சியின் இயல்பை அறிவியா. எனினும் இவற்றை இகழ்தல் தகாது. ரஸனைக்கு வித்து இவையே. அவ்வித்து முளைத்துத் தீர்ப்பாக வளரும் வழி யாதென ஆராய்வாம்.

தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்து, அது தோன்றும் நிலைக்களன் நான்கென வகுத்தார். பிறரை எள்ளி நகைத்தல் வேறு; குழந்தையின் மழலை கேட்டு நகைத்தல் வேறு. ஆதலின் நகைத்தவன், "எதனால் நகைத்தேன்?" என்று தன்னையே வினவுதல் வேண்டும். அதற்கு முன்னரும் வினவத்தக்கது ஒன்றுண்டு. "நகைத்தவன் யானேயோ, அன்றிப் பிறர் நகைப்பு என்னை ஈர்த்ததோ?" என்பதே அது. தொலைக்காட்சியின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

1950க்குப் பிற்பட்ட ஆண்டுகளில், அமெரிக்க ஒலிப்பதிவு நிபுணரான சார்லஸ் டக்லஸ் என்பார், முன்னரே பதிவு செய்த சிரிப்பொலிகளை வேண்டும்போது எழுப்பவல்ல பெட்டியொன்றை அமைத்தார். அதனால், வீட்டில் தனித்திருந்து காண்பவனும் கூட்டத்தோடு நகைப்பவன் போலாயினான். கொரியப் போர்க்களத்து மருத்துவ விடுதியைக் களமாகக் கொண்ட "மாஷ்" என்னும் தொடர் 1972 முதல் 1983 வரை நடைபெற்றது. அதனை ஆக்கியோர் சிரிப்பொலியை விரும்பிலர். ஒளிபரப்பு நிறுவனத்தாரோ வற்புறுத்தினர். முடிவில் அறுவைச் சிகிச்சைக் கூடத்துக் காட்சிகளில் மட்டும் அவ்வொலி விலக்கப்பட்டது. பிரிட்டனிலோ பி.பி.சி. நிறுவனத்தார் அத்தொடரைப் பெரும்பாலும் சிரிப்பொலியின்றியே ஒளிபரப்பினர். நடிப்பும் வசனமும் ஒன்றே. எனினும், மருத்துவர் கூறும் கேலிமொழி சிரிப்பொலியோடு வருங்கால் வெறும் வேடிக்கையாகத் தோன்றும். மௌனத்தின் நடுவே வருங்கால் துயரை மறைக்கும் திரையாகத் தோன்றும்.

சித்திரக்கதை வாசிப்போனுக்கு இவ்விடர் இல்லை. அவன் அருகில் நகைத்துக் காட்டுவார் எவருமிலர். சார்லஸ் ஷுல்ஸ் 1950-ல் தொடங்கிய "பீநட்ஸ்" கதைமாந்தரைக் கொண்டு, 1965-ல் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கென ஒரு சித்திரப்படம் தொலைக்காட்சிக்கு ஆக்கப்பட்டது. அதில் சிரிப்பொலி வேண்டாவென ஷுல்ஸ் மறுத்தார். சிறுவர் பாத்திரங்களுக்குச் சிறுவரே குரல் கொடுத்தனர். லூக்கா சுவிசேஷத்தின் பகுதியொன்றை ஒரு சிறுவன் அமைதியாக ஓதுவதும் அதில் உண்டு. நிறுவனத்து அதிகாரிகள் இது மக்களுக்கு உவக்காதென அஞ்சினர். மக்களோ மிகவும் உவந்து ஏற்றனர். அது எம்மி பரிசும் பெற்றது.

இதனால் மக்கள் கருத்தே என்றும் பிழையாதென முடிவு கட்டலாகாது. பஸ்டர் கீட்டன் என்னும் ஹாஸ்ய நடிகர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862-ல் நிகழ்ந்த ரயில்வண்டித் துரத்தலைத் தழுவி, 1926-ல் "தி ஜெனரல்" என்னும் பேசாப் படத்தை ஆக்கினார். மெய்யான ரயில் எஞ்சின் ஒன்று பாலத்தோடு ஆற்றில் வீழும் காட்சி அதன்கண் உளது. அந்நாளில் விமர்சகர் பலர் அதனைக் குறை கூறினர். வசூலும் ஏமாற்றம் தந்தது. ஆயினும் 1989-ல், அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிற்கு முதன்முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட 25 படங்களுள் அதுவும் ஒன்றாயிற்று. படம் மாறவில்லை, காண்போர் பார்வை மாறிற்று. போரில் மனிதர் மடிவதை நகைப்போடு கலத்தல் தகாதென அன்று கூறினாரும் உளர். அவர் காரணம் காட்டிக் கூறியதால், இன்றும் நாம் அவரோடு வாதிக்கலாம். "நன்றாயில்லை" என்று மட்டும் கூறிச் சென்றாரோடு வாதிக்க யாதுளது?

ஆதலின் மாணவ நண்பர்காள், ஒரு காட்சியைப் பற்றிக் கருத்துரைக்குமுன் மூன்று வினாக்களைக் கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் நகைத்தேன்? அந்நகை எதனின்று தோன்றிற்று? அருகிருந்தோர் வாளாவிருப்பினும் நகைத்திருப்பேனோ? இவற்றிற்கு விடை கூறவல்லான், கூட்டம் முழுதும் நகைக்கையில் தான் நகையாதிருக்கவும், பலர் பழிக்கையில் ஒன்றைப் போற்றவும் அஞ்சான். சினிமாக் கொட்டகையில் பெறும் இப்பழக்கம், நியாயமன்றத்திலும் தேர்தற் களத்திலும் அவனுக்குத் துணை நிற்கும்.