இரவுப் பேருந்தில் கால்களைக் கவனியுங்கள்

ரவாங்கிலிருந்து பழனி, மதுரை, இராமேஸ்வரம் என்று புறப்படும் பலர் சென்னையில் விமானம் இறங்கிய அன்றிரவே கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறிவிடுகிறார்கள். விமானத்தில் ஏறக்குறைய 4 மணி நேரம். சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர். 8 மணி நேரமாவது ஆகும். ஆக, ஒரே நாளில் 12 மணி நேரம் கால்கள் மடங்கியபடியே இருக்கின்றன.

காலில் என்ன நடக்கிறது?

நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் உட்கார்ந்தால் இரத்தம் காலின் உட்புறக் குழாய்களில் தேங்குகிறது. சிலருக்கு உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இந்த அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் அறிவித்தது. விமானம் மட்டுமல்ல, பேருந்து, கார், ரயில் பயணத்துக்கும் இது பொருந்தும். ஆரோக்கியமானவர்களுக்கு 6,000 பேரில் ஒருவர் என்ற அளவே என்பதால் பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை.

ஆனால் கர்ப்பிணிகள், அண்மையில் பிரசவித்தவர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் உள்ளவர்கள், முன்பே இரத்தக் கட்டி வந்தவர்கள் ஆகியோர் டிக்கெட் வாங்குமுன் மருத்துவரைப் பாருங்கள். யாரோ சொன்னார்கள் என்று நீங்களாகவே ஆஸ்பிரின் போடாதீர்கள்.

பேருந்தில்

விழித்திருக்கும்போதெல்லாம் அரை மணிக்கு ஒருமுறை பாதங்களை மேலும் கீழும் 20 தடவை அசையுங்கள். கால் வைக்கும் இடத்தில் பையைத் திணிக்காதீர்கள். சாப்பாட்டுக்கு வண்டி நிற்கும்போது பசி இல்லாவிட்டாலும் இறங்கி நடங்கள். ஓடும் வண்டியில் நடக்க வேண்டாம்.

கழிப்பறைக்குப் பயந்து நம் பெண்கள் பலர் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. அந்தப் பயம் நியாயமானதுதான். இருந்தாலும் சிறிது சிறிதாகக் குடியுங்கள். வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் கழிப்பறைக்குச் சென்று வாருங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு

இன்சுலினைப் பேருந்தின் அடியில் வைக்கும் பெட்டியில் போடாதீர்கள். அங்கே சூடு அதிகம். கைப்பையில் வைத்திருங்கள், ஐஸ்கட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள். இந்திய நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. வண்டி சாப்பாட்டுக்கு எப்போது நிற்கும் என்பதும் ஓட்டுநர் கையில். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியை, உணவு உங்கள் முன் வந்த பிறகே போடுங்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே சாப்பிட மிட்டாயோ சீனியோ பையில் இருக்கட்டும்.

ஊர் திரும்பிய பிறகும்

கட்டி பயணத்தன்றே தெரியும் என்பதில்லை. சில வாரங்கள் கழித்தும் தெரியலாம். இரண்டு கால்களும் லேசாக வீங்கி, ஓரிரு நாளில் வற்றினால் பெரும்பாலும் களைப்புதான். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் தைலம் தேய்த்து உருவாதீர்கள். அன்றே கிளினிக்குக்குச் சென்று, "நீண்ட பயணம் போய் வந்தேன்" என்பதை முதலில் சொல்லுங்கள். திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் இரத்தம் என்றால் காத்திருக்க வேண்டாம்: தமிழ்நாட்டில் 108, மலேசியாவில் 999.