கணனியைப் பெரிய தொலைக்காட்சியுடன் இணைத்தல்: எழுத்தின் குற்று மறையாதிருக்க ஒரு பாடம்



எமது மண்டபத்தில் சனிக்கிழமைகளில் நடைபெறும் தமிழ் வகுப்புக்கு ஒரு குடும்பத்தினர் தங்கள் பழைய 32 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியை அன்பளிப்பாகத் தந்தனர். பாடத்தைக் கணனியில் தட்டெழுதிப் பெரிய திரையில் காட்டினால் பின்வரிசைப் பிள்ளைகளும் வாசிக்கலாம் என்று எண்ணினோம். கம்பியைப் பொருத்தினோம், படமும் வந்தது. ஆனால் பாடத்தின் கடைசி வரி திரைக்குக் கீழே போய்விட்டது. அதுமட்டுமன்றி, "பல் வலிக்கிறது" என்ற வசனத்தை ஒரு சிறுமி "பல வலிக்கிறது" என்று வாசித்தாள். ஆசிரியை திருத்தினார். அவளோ திரையைக் காட்டி, "ரீச்சர், அங்கே குத்து இல்லையே" என்றாள். அருகிற் சென்று பார்த்தோம். பிள்ளை சொன்னது சரி. "ல்" என்ற எழுத்தின் மேலிருந்த குற்று மங்கி, வெள்ளைப் பின்னணியோடு கலந்துவிட்டிருந்தது.

ஆங்கில எழுத்துச் சற்று மங்கினாலும் ஊகித்து வாசித்துவிடலாம். தமிழில் ஒரு குற்றுப் போனால் பல் "பல" ஆகிவிடும். கல் "கல" ஆகிவிடும். வீட்டில் தமிழை அதிகம் கேளாத பிள்ளைகளுக்கு ஊகிப்பதும் கடினம். ஆகவே இப்பெட்டிகளைச் சரியாக இணைப்பது எப்படி என்பதை ஒரு பாடமாக எழுதுகின்றேன். உங்கள் வீட்டில் அம்மம்மாவுக்குப் பெரிய எழுத்தில் பத்திரிகை காட்டவும், ஊரிலுள்ள உறவினரோடு முகம் பார்த்துப் பேசவும் இது உதவும்.

பிழை எங்கே பிறக்கிறது?

கணனியில் திரைக்கான படத்தை ஆக்குவது கிராபிக்ஸ் அட்டை. அது படத்தைச் சின்னஞ்சிறு புள்ளிகளாக அனுப்புகிறது. இவற்றைப் படப்புள்ளிகள் என்போம். கணனித் திரைக்கு அனுப்பும்போது, அட்டை அனுப்பும் ஒவ்வொரு புள்ளியும் திரையின் ஒவ்வொரு புள்ளியில் அப்படியே போய் அமர்கிறது.

தொலைக்காட்சிப் பெட்டி அவ்வாறு செய்வதில்லை. தனக்கு வருவது திரைப்படம் அல்லது ஒளிபரப்பு என்றே அது நினைக்கிறது. எனவே படத்தைச் சற்றுப் பெருப்பிக்கும், ஓரத்தை வெட்டும், கூர்மையைக் கூட்டும், நிறத்தைச் சேமிக்கும். திரைப்படத்தில் இவை எமக்குத் தெரிவதில்லை. எழுத்தில் உடனே தெரியும். அட்டையும் பழுதில்லை, பெட்டியும் பழுதில்லை. "இது படமன்று, பக்கம், வந்ததை வந்தபடியே காட்டு" என்று பெட்டிக்குச் சொல்ல வேண்டியதே எமது வேலை. இப்பாடம் முழுவதும் அதைப் பற்றியதுதான்.

பாடம் 1: கம்பியும் துளையும்

மேசைக் கணனியின் பின்புறத்தைப் பாருங்கள். படம் வெளிவரும் துளைகள் இரண்டு இடங்களில் இருக்கலாம். மேலே, விசைப்பலகை முதலியன பொருத்தும் துளைகளோடு இருப்பவை தாய்ப்பலகைக்கு உரியவை. அவற்றிற்குக் கீழே தனியாக இருப்பவை கிராபிக்ஸ் அட்டைக்கு உரியவை. தனி அட்டை உள்ள கணனியில் கம்பியை அட்டையின் துளையிலேயே பொருத்துக. பலர் மேலேயுள்ள துளையிற் பொருத்திவிட்டு "படமே வரவில்லை" என்று வருந்துவர்.

துளைகள் பல வகை. வி.ஜி.ஏ. என்பது 1987 இல் வந்த பழைய வகை. படம் மட்டுமே செல்லும். டி.வி.ஐ. 1999 இல் வந்தது. எச்.டி.எம்.ஐ. வகையின் முதல் விதிகள் 2002 டிசெம்பரில் வெளியாயின. இதில் படமும் ஒலியும் ஒரே கம்பியிற் செல்லும். டி.வி.ஐ., எச்.டி.எம்.ஐ. இரண்டும் படத்தை ஒரே முறையில் அனுப்புவதால் மலிவான சாதாரண இணைப்பியே போதும். டிஸ்பிளேபோர்ட் துளையிலிருந்து தொலைக்காட்சிக்கும் பெரும்பாலும் இவ்வாறு இணைக்கலாம். வி.ஜி.ஏ. துளையிலிருந்து எச்.டி.எம்.ஐ. துளைக்குப் போக வேண்டுமாயின் வெறும் இணைப்பி போதாது. படத்தை மாற்றித் தரும் சிறு கருவி தேவை. வாங்கும்போது கடைக்காரரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் தொலைக்காட்சியைப் போட்டு, கம்பி பொருத்திய உள்ளீட்டை ரிமோட்டில் தெரிவு செய்து, அதன் பின்னரே கணனியைப் போடுங்கள். இதற்குக் காரணம் உண்டு. தன் அளவு என்ன, எவ்வெவ் வகைப் படத்தை ஏற்கும், ஒலியை ஏற்குமா என்பவற்றை எழுதிய ஒரு சிறு குறிப்பைப் பெட்டி தன்னுள் வைத்திருக்கிறது. ஈ.டி.ஐ.டி. என்ற இம்முறை 1994 இல் வகுக்கப்பட்டது. அட்டை அக்குறிப்பை வாசித்தே படத்தை அனுப்புகிறது. வாசிக்க முடியாவிட்டால், அறிமுகமில்லாத விருந்தாளிக்குச் சமைப்பது போல, ஏதோவொரு பொதுவான அளவை அனுப்பிவிடும்.

படம் கணனித் திரையில் மட்டும் தெரிந்தால், விண்டோஸ் விசையையும் "பி" விசையையும் சேர்த்து அழுத்துக. தொலைக்காட்சியில் மட்டும் காட்டும் தெரிவை எடுப்பது நல்லது. இரண்டிலும் ஒரே படத்தைக் காட்டச் சொன்னால், இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவுக்கே கணனி போகக்கூடும்.

பாடம் 2: புள்ளிக்குப் புள்ளி

இதுவே மிக முக்கியமான பாடம். உங்கள் பெட்டியின் திரையில் உண்மையாக எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதைக் கைநூலிற் பாருங்கள். வழக்கமாகக் காண்பவை மூன்று:

1366 x 768: பழைய, சிறிய பெட்டிகள். சுமார் பத்தரை இலட்சம் புள்ளிகள்.
1920 x 1080: "ஃபுல் எச்.டி." எனப்படுவது. சுமார் இருபது இலட்சத்து எழுபதாயிரம் புள்ளிகள்.
3840 x 2160: "4கே" எனப்படுவது. முன்னையதன் நான்கு மடங்கு.

கணனியில் டிஸ்பிளே செற்றிங்ஸ் பகுதிக்குச் சென்று, ரெசலூஷன் என்ற இடத்தில் அதே எண்ணைத் தெரிவு செய்க. எழுத்துச் சிறிதாகத் தெரிந்தால் ரெசலூஷனைக் குறைக்க வேண்டாம். அதன் அருகிலுள்ள ஸ்கேல் என்பதை 150 அல்லது 200 ஆக்குங்கள். ரெசலூஷனைக் குறைத்தால் எழுத்துப் பெருக்கும்; ஆனால் மங்கும். ஸ்கேலைக் கூட்டினால் எழுத்துப் பெருத்துத் தெளிவும் கூடும்.

எங்கள் வகுப்பில் நடந்த பிழை இங்கேதான். பெட்டியின் வெளியே "எச்.டி." என்று ஒட்டியிருந்தது. 1920 x 1080 படத்தையும் அது ஏற்றுக்கொண்டது. ஆனால் உள்ளே இருந்தது 1366 x 768 திரை. 1080 வரிசைகளை 768 இல் அடக்க வேண்டுமென்றால், ஏறத்தாழ ஏழு வரிசைகளை ஐந்தாக்க வேண்டும். ஒரு புள்ளி உயரமேயுள்ள மெல்லிய குற்று அந்த நெருக்கடியில் அயல் வரிசையோடு கலந்து சாம்பலாகிவிடுகிறது.

எச்.டி.எம்.ஐ. துளையில் அப்பெட்டி 768 அளவை ஏற்கவில்லை. அதன் பழைய வி.ஜி.ஏ. துளையிலோ 1360 x 768 என்ற அளவு கிடைத்தது. இரு பக்கமும் மூன்று மூன்று புள்ளி அகலம் கறுப்பாக விடப்பட்டது. மற்றவை புள்ளிக்குப் புள்ளி அமர்ந்தன. அடுத்த சனிக்கிழமை குற்று வந்துவிட்டது. புதிய துளையே எப்போதும் சிறந்தது என்று நினைத்திருந்த எனக்கு இது ஒரு பாடமாயிற்று.

ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பதையும் அதே இடத்திற் பாருங்கள். 60 இருப்பது நன்று. 4கே பெட்டியில் சுட்டியின் அம்புக்குறி இழுபட்டு அசைந்தால் அங்கே 30 என்று இருக்கும். 2009 இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 விதியில் 4கே படம் செக்கனுக்கு 30 தடவைதான் செல்லும்; 60 தடவை அனுப்புவதற்கு 2013 இல் வந்த 2.0 விதி வேண்டும். அட்டை, கம்பி, பெட்டியின் துளை மூன்றும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். சில பெட்டிகளில் எல்லாத் துளைகளும் ஒரே தரமானவை அல்ல. சிலவற்றில் மெனுவுக்குள் சென்று அத்துளையின் முழு வேகத்தைத் திறந்துவிட வேண்டும்.

அளவுப் பட்டியலில் "1080-ஐ", "1080-பி" என இரண்டும் இருந்தால் "பி" என்பதையே எடுங்கள். "ஐ" என்பதில் ஒற்றை வரிசைகளும் இரட்டை வரிசைகளும் மாறி மாறி வருவதால் மெல்லிய கோடுகள் துடிக்கும்.

பாடம் 3: வெட்டுப்படும் ஓரம்

பழைய குழாய்த் தொலைக்காட்சிகளில் படத்தின் ஓரம் ஒழுங்காக அமையாது. ஆகவே படத்தைச் சற்றுப் பெருப்பித்து, ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்தனர். தட்டைத் திரைகளுக்கு அத்தேவை இல்லை. ஆனால் பழக்கம் தொடர்ந்து வந்தது. எமது பாடத்தின் கடைசி வரியை விழுங்கியது இந்தப் பழக்கமே.

இதைக் கணனியிற் சரிசெய்ய முயலாதீர்கள். அட்டையின் மென்பொருளில் படத்தைச் சுருக்கினால் ஓரம் தெரியும். ஆனால் அட்டை சுருக்கியதைப் பெட்டி மீண்டும் பெருப்பிக்கும். இரு தடவை உருமாறிய எழுத்து மங்கிவிடும். முதலில் தொலைக்காட்சியின் ரிமோட்டை எடுத்து, படத்தின் அளவு பற்றிய மெனுவுக்குச் செல்லுங்கள். எல்ஜி பெட்டிகளில் "ஜஸ்ட் ஸ்கேன்", சாம்சங்கில் "ஸ்கிரீன் ஃபிட்", சோனியில் "ஃபுல் பிக்சல்", ஷார்ப்பில் "டாட் பை டாட்" என்ற பெயர்களைக் காணலாம். பெயர் வேறு, பொருள் ஒன்று: வந்ததை வந்தபடியே காட்டு.

மாறாக, படத்தைச் சுற்றி நாற்புறமும் கறுப்புப் பட்டை தெரிந்தால், சுருக்கியது கிராபிக்ஸ் அட்டை. அதன் மென்பொருளில் ஸ்கேலிங் என்ற பகுதியில் அச்சுருக்கத்தைப் பூச்சியமாக்குங்கள்.

பாடம் 4: நிறமும் கறுப்பும்

ஒளிபரப்பில் இடத்தைச் சேமிப்பதற்காக, வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் அனுப்பி, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாக அனுப்புவர். எமது கண் வெளிச்சத்தைக் கூர்மையாகவும் நிறத்தைச் சற்று மந்தமாகவும் காண்பதால் திரைப்படத்தில் இது தெரியாது. சில பெட்டிகள் கணனிப் படத்தையும் இவ்வாறே நடத்தும். அப்போது நீலப் பின்னணியில் உள்ள சிவப்பு எழுத்து கசிந்ததுபோல் தோன்றும். மருந்து எளியது: பெட்டியின் உள்ளீட்டுப் பெயரை "பி.சி." என மாற்றுக. பல பெட்டிகளில் இப்பெயர் வெறும் பெயரன்று. அதை மாற்றியதும் பெட்டி நிறத்தைக் குறைப்பதை நிறுத்திவிடும். பாடம் தயாரிக்கும் ஆசிரியைகள் வெள்ளையிற் கறுப்பு எழுத்தைப் பயன்படுத்தினால் இத்தொல்லை மிகக் குறையும்.

அடுத்தது கறுப்பு. கணனி கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் எண்ணும். ஒளிபரப்பு உலகம் கறுப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் எண்ணும். இரு பக்கமும் வெவ்வேறு கணக்கு வைத்தால், கறுப்புச் சாம்பலாக வெளிறும். அல்லது இருண்ட இடங்கள் யாவும் ஒரே கறுப்பாகும். அட்டையில் "ஃபுல்" அல்லது "லிமிடெட்" என்ற தெரிவும், பெட்டியில் "பிளாக் லெவல்" என்ற தெரிவும் இருக்கும். எதை எடுத்தாலும் இரண்டும் ஒத்திருக்க வேண்டும்.

கூர்மை, அதாவது "ஷார்ப்னஸ்", அளவைக் குறையுங்கள். பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். அது எழுத்தைச் சுற்றி வெண்ணிறக் கரை போடுகிறது. அக்கரை குற்றையும் சுழியையும் தின்றுவிடும்.

பாடம் 5: ஒலி வராவிட்டால்

கணனியின் ஒலிச் சின்னத்தை அழுத்தி, ஒலி வெளிவரும் கருவியாகத் தொலைக்காட்சியைத் தெரிவு செய்க. கணனி வழக்கம்போலத் தன் ஒலிபெருக்கிக்கே ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கலாம். வி.ஜி.ஏ. வழியில் ஒலி வராது. டி.வி.ஐ. வழியிலும் பொதுவாக வராது. தனியாக ஓர் ஒலிக்கம்பி வேண்டும்.

மற்றெல்லாம் தெரிந்து, வாடகைக்கு எடுத்த திரைப்படம் மட்டும் கறுப்பாக இருந்தால், அது எச்.டி.சி.பி. என்ற நகல் தடுப்பு முறையாக இருக்கலாம். அட்டை முதல் பெட்டி வரை இடையிலுள்ள ஒவ்வொரு கருவியும் அதை ஏற்க வேண்டும். இடையிலுள்ள பிரிப்பான்களைக் கழற்றிவிட்டு நேரே பொருத்திப் பாருங்கள்.

வீட்டுப் பயிற்சி

ஒரு வெள்ளைப் பக்கத்தில் "பல், பல, கல், கல, கண், கண" என்று சிறிய எழுத்திற் கறுப்பாகத் தட்டெழுதுங்கள். அதன் கீழே அதையே நீலப் பின்னணியிற் சிவப்பாக எழுதுங்கள். பக்கத்தைத் திரை முழுவதும் வரச் செய்து, நான்கு ஓரங்களிலும் மெல்லிய கோடு ஒன்று இடுங்கள். பின்னர் பிள்ளையைத் தூர இருந்து வாசிக்கச் சொல்லுங்கள்.

கோடு தெரியாவிட்டால் பாடம் 3. கறுப்பு எழுத்தில் குற்றுத் தெரியாவிட்டால் பாடம் 2. சிவப்பு எழுத்து மட்டும் கசிந்தால் பாடம் 4. எல்லாம் தெரிந்தால் உங்கள் பெட்டி தேறிவிட்டது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு சொல்லைத் தவறாக வாசித்தால், திருத்துவதற்கு முன் அவள் இருக்கும் இடத்திற் போய் இருந்து, அவள் காண்பதை நாமும் ஒருமுறை பார்ப்போம். அன்று எங்கள் வகுப்பில் பிழை விட்டது பிள்ளையல்ல. ஆசிரியையும் அதை ஒப்புக்கொண்டு அவளைப் பாராட்டினார். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்புத் தொடங்குமுன் திரையைச் சோதித்து, "குத்துத் தெரியுது ரீச்சர்" என்று சொல்லும் பொறுப்பு அவளுக்கே உரியது.