லாட்ஜ் அறையில் புழுக்கம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மே மாத விடுமுறையில் இராமேசுவரம், திருச்செந்தூர், வேளாங்கண்ணி என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் பகல் வெயிலுக்குத் தயாராகத்தான் போகிறார்கள். குடை, தொப்பி, மோர் எல்லாம் பையில் இருக்கும். ஆளை வாட்டி எடுப்பது இரவு. கடலோரத்தில் அந்த மாதத்தில் நள்ளிரவிலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடும். 28 டிகிரி பெரிய சூடு இல்லை. வியர்வை காயாததுதான் சிக்கல். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அதுவே வழிந்து தலையணையில் இறங்கினால் எந்தப் பயனும் இல்லை. எனவே யார் எந்த யோசனை சொன்னாலும், அதனால் வியர்வை காயுமா என்று மட்டும் பாருங்கள்.

“ஜன்னலில் ஈரத்துணி கட்டினால் அறை குளிர்ந்துவிடும்” என்பது பரவலான நம்பிக்கை. ராஜஸ்தானில் இது உண்மை. 40 டிகிரி வெயிலும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை, தண்ணீரை ஆவியாக்கியே 23 டிகிரி அளவுக்குக் கொண்டுவர முடியும். நம் கடலோரத்தில் 30 டிகிரி, 80 சதவீதம் என்றால் எவ்வளவு முயன்றாலும் 27-க்குக் கீழே போகாது. அந்த மூன்று டிகிரிக்காக அறை முழுவதையும் ஈரமாக்கிக்கொள்கிறோம். ஏர் கூலரும் இங்கே இதே காரணத்தால்தான் தோற்கிறது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று பலர் கண்ணில் படுவதே இல்லை. இராமேசுவரம் கோயிலில் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு வந்து, நனைந்த வேட்டி, புடவை, துண்டுகளை அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுகிறோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இருக்கும் காற்று, 30 டிகிரியில் தாங்கக்கூடிய நீராவியே மொத்தம் ஒரு லிட்டர் தண்ணீர் அளவுதான். அதில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. நான்கு பேரின் துணியில், பிழிந்த பிறகும் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். ஜன்னலையும் சாத்திவிட்டால் விடியும்வரை வியர்வை காய வழியே இல்லை. துணியை மொட்டை மாடிக்கோ வெளித் தாழ்வாரத்துக்கோ கொண்டுபோங்கள்.

ஈரத்துணியை ஜன்னலில் கட்டுவதற்குப் பதில் உடம்பில் போடுங்கள், பலன் உண்டு. தோலின் சூடு சுமார் 35 டிகிரி. அங்கே இருக்கும் ஈரம் புழுக்கத்திலும் ஆவியாகும். கழுத்து, கை, கால்களை நனைத்த துண்டால் துடைத்துவிட்டு ஃபேனுக்கு நேர் கீழே படுத்துப் பாருங்கள்.

ஃபேன் அறையைக் குளிர்விக்காது. எதிரே இருக்கும் ஆளைத்தான் குளிர்விக்கும். சாதாரண சீலிங் ஃபேன் இழுக்கும் 75 வாட் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகி அறையிலேயே தங்குகிறது. ஆகவே “திரும்பி வருவதற்குள் குளிரட்டும்” என்று ஃபேனை ஓடவிட்டுப் பூட்டிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. கட்டிலை ஃபேனுக்கு அடியில் இழுத்துப் போடுங்கள். ரெக்ஸின் உறை போட்ட மெத்தை முதுகுப் பக்கம் வியர்வையைக் காயவே விடாது. தரையில் கோரைப்பாய் விரித்து, மேலே பருத்தி விரிப்பு போட்டுப் படுப்பது எவ்வளவோ மேல்.

அறை எடுக்கும்போதும் ஒரு நம்பிக்கை குறுக்கே வரும்: மேல் மாடி, கடல் பார்த்த ஜன்னல் என்றால் இரவெல்லாம் காற்று வரும் என்று. கடல்காற்று பகலுக்கு உரியது. இரவில் நிலம் கடலைவிட வேகமாகக் குளிர்வதால், காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கித் திரும்பும். எதிரெதிரே இரண்டு திறப்புகள் உள்ள அறைதான் நல்ல அறை. மேல் மாடியிலோ, பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை நள்ளிரவு தாண்டியும் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். இடைத் தளத்தில் கேளுங்கள்.

ஏ.சி. அறையா? 16-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தவறு. சாதாரண ஏ.சி.யின் கம்ப்ரஸர் 16 ஆனாலும் 24 ஆனாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். எப்போது நிற்கும் என்பதுதான் மாறும். காற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்து வெளிக் குழாயில் சொட்டவைப்பதே புழுக்கத்துக்கு ஏ.சி. செய்யும் பெரிய உதவி. 26-ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் போதும். வேர்க்குரு பவுடரில் உள்ள மெந்தால் சில்லென்ற உணர்வைத்தான் தரும். உடம்புச் சூட்டைக் குறைக்காது. பீர் குளிர்ச்சி என்பதும் வெறும் நம்பிக்கை. அது சிறுநீரைப் பெருக்கி உடம்பின் நீரைக் குறைத்துவிடும்.

வயதானவர்களும் கைக்குழந்தைகளும் கூட வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். முதியவர்களுக்கு வியர்வையும் குறைவு, தாகமும் குறைவு. கேட்காவிட்டாலும் தண்ணீர் கொடுங்கள். யாராவது உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறினால் அதை அசதி என்று நினைத்துத் தூங்கவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.