மழைக்கு முன்பே பைக் பேட்டரியை அளந்து பாருங்கள்

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் பைக் வைத்திருப்பவர்கள் முடித்துவிட வேண்டிய வேலை, பேட்டரியின் நிலையைத் தெரிந்துகொள்வது. ‘மழையில் நனைஞ்சு பேட்டரி போயிடுச்சு’ என்று டெல்டாவில் ஆண்டுதோறும் கேட்கிறோம். ஆனால் பேட்டரியின் ஆயுளைத் தின்பது பெரும்பாலும் வெயில்தான். ஈய-அமில பேட்டரியில் வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்ட கணக்கு. சித்திரை, வைகாசியில் தஞ்சாவூர் வெயிலில் நின்ற வண்டியின் சீட்டுக்கடியில், எஞ்சின் சூடும் சேர்ந்துகொள்ள, உள்ளே நீர் வற்றுகிறது, தகடுகள் அரிக்கப்படுகின்றன. அப்படி நலிந்த பேட்டரிக்கு அடைமழையில்தான் சோதனை வருகிறது. வீட்டுக்கும் வயலுக்கும், வயலுக்கும் உரக்கடைக்குமாக ஓரிரு கிலோமீட்டர் ஓட்டம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் செல்ஃப். 2017 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் ஹெட்லைட்டும் எந்நேரமும் எரிகிறது. ஒரு முறை ஸ்டார்ட் செய்யச் செலவானதை இந்தக் குறுகிய ஓட்டம் திருப்பி நிரப்புவதில்லை.

‘இன்றைக்கு ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறதே, எதற்கு இப்போதே செலவு?’ என்பது நியாயமான கேள்வி. இப்போது மாற்றச் சொல்லவில்லை, அளக்கத்தான் சொல்கிறோம். இரவு முழுதும் நின்ற வண்டியில், காலையில் சாவி போடும் முன், மல்டிமீட்டர் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால் பங்கு. 12-க்குக் கீழே போனால் காலி. குறைவாக இருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள். நிறைந்த பிறகும் செல்ஃப் அழுத்தும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால், அல்லது மறுநாளே இறங்கினால், மாற்றும் காலம் வந்துவிட்டது. அடுத்து எஞ்சினை மிதமான வேகத்தில் ஓடவிட்டு அளக்க வேண்டும். ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜ் சரியாக ஏறுகிறது. 13 கூட வராவிட்டால் குற்றம் காயிலிலோ ரெகுலேட்டரிலோ வயரிலோ இருக்கலாம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது. இதைப் பார்க்காமல் புது பேட்டரி போட்டால் பழையதற்கு நேர்ந்ததுதான் அதற்கும் நேரும்.

‘கிக்கர் இருக்கிறதே’ என்ற தைரியம் பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் ஃபியூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. பெட்ரோல் பம்புக்கும் அதை இயக்கும் மின்னணுப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி அறவே இறங்கினால் பலவற்றில் உதைத்துப் பயனில்லை, சிலவற்றில் கிக்கரே கிடையாது. புயல் வந்தால் நிலைமை இன்னும் கடினம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜாவுக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. கரண்ட் இல்லாத ஊரில் பேட்டரியைச் சார்ஜ் போடவும் வழியில்லை.

மாற்றுவதென்றால் வண்டியோடு வந்த அதே ஆம்பியர்-ஹவர், அதே அளவு, பிளஸ்-மைனஸ் அதே பக்கம் உள்ளதை வாங்குங்கள். 100, 110 சிசி வண்டிகளுக்குப் பொதுவாக 3 அல்லது 4, 150 சிசியில் சிலவற்றுக்கு 8, 9 என இருக்கும். பழைய பேட்டரியின் மேல் எழுதியிருப்பதே முடிவு. பெரியதாகப் போட்டால் அதிக நாள் உழைக்கும் என்பது சரியல்ல. வண்டியின் காயில் தருகிற கரண்ட் மாறாது. தட்டில் சரியாக உட்காராத பேட்டரி வரப்பு ஓரத்துக் குண்டுகுழியில் அதிர்ந்து உள்ளே தகடு உதிரும். மேலே அச்சிட்ட தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். கடையில் சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், ஆகவே அண்மை மாதத்ததைக் கேளுங்கள். வாரன்டி கார்டில் தேதியும் கடை முத்திரையும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். அமிலம் ஊற்றி நிரப்பும் வகையானால் முதல் சார்ஜ் முழுதாக ஏறட்டும். அவசரத்துக்குப் பாதியில் எடுத்துவந்தால் பிறகு ஒருபோதும் முழுக் கொள்ளளவை எட்டாது.

மாட்டும் வேலையில் வரிசை முக்கியம். சாவியை அணைத்து, கழற்றும்போது மைனஸ் முதலில், பிளஸ் பிறகு. மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசி. சேஸிஸ் முழுதும் மைனஸோடு சேர்ந்திருப்பதால், மைனஸ் இருக்கும்போது பிளஸ் நட்டைத் திருகும் ஸ்பேனர் சேஸிஸில் பட்டால் தீப்பொறி பறக்கும். டெர்மினலில் பூத்த வெள்ளை, பச்சைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மாட்டி முறுக்கிய பின் மேலே வாசலின் தடவுங்கள். டெர்மினலுக்குள் கிடக்கும் சதுர நட்டு கீழே இறங்கிப் போல்ட் பிடிக்காமல் போகும். அடியில் சிறு ரப்பர் துண்டு வைத்தால் உயர்ந்து நிற்கும். நீர் ஊற்றும் வகையில் வென்ட் குழாய் மடங்காமல், செயினிலும் சேஸிஸிலும் அமிலம் சொட்டாதபடி கீழே இறங்கட்டும். பிளஸ் மேல் ரப்பர் மூடியும், பேட்டரியை இறுக்கும் பெல்ட்டும் தவறாமல் திரும்ப ஏறட்டும்.

பழைய பேட்டரியைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், விலையிலும் கழிப்பார்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. காசுக்காக உடைத்து ஈயம் எடுப்பதும், அமிலத்தை வாய்க்காலில் கொட்டுவதும் கூடவே கூடாது. மண்ணில் சேரும் ஈயம் மழையோடு போய்விடாது, தலைமுறைகளுக்கு அங்கேயே தங்கும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு.