புது வீட்டுக்காரப் பிள்ளைகளுக்கு: கரண்ட் பில்லைக் குறைக்கும் வரிசை

வீடு கட்டிக் குடிபோன பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் கேட்பது, "எந்த ஏசி வாங்கலாம்?" என்றுதான். வயரிங் வேலையிலேயே தலை நரைத்தவனாயிற்றே என்று கேட்கிறார்கள். ஏசிக்கு முன்னால் செய்ய வேண்டியவை மூன்று இருக்கின்றன. வரிசையை மாற்றினால் காசு வீண்.

1. மீட்டரோடு பழகுங்கள். அதன் முகப்பில் ஒரு சின்ன விளக்கு விட்டுவிட்டு மின்னும். எத்தனை தரம் மின்னினால் ஒரு யூனிட் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று வைத்துக்கொள்வோம். 75 வாட் ஃபேன் ஒன்று மட்டும் ஓடினால் 15 விநாடிக்கு ஒரு தரம் மின்னும். 2000 வாட் கீசரைப் போட்டால் விநாடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு தரம். கரண்ட் எங்கே போகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். எல்லாவற்றையும் அணைத்து, ப்ளக்குகளைப் பிடுங்கிய பிறகும் மின்னினால் வயரிங்கில் கசிவு இருக்கலாம். அதைப் பில் விஷயமாக நினைக்காதீர்கள், உயிர் விஷயம். அன்றைக்கே லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

2. 500 யூனிட்டைத் தாண்டாதீர்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். இது எல்லோருக்கும் தெரியும். 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான குறைந்த விலை கையை விட்டுப் போவது பலருக்குத் தெரியாது. 500இல் நின்ற வீட்டுக்கும் 501 ஆன வீட்டுக்கும் பில்லில் இருநூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும். ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். முப்பதாம் நாள் 250ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் கையைச் சுருக்கலாம்.

3. மொட்டை மாடிக்குச் செலவழியுங்கள். சித்திரை மாதத்தில் இரவு எட்டு மணிக்கு, ஃபேனை நிறுத்திவிட்டு ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தளத்து அறையின் கூரையை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுவென்று இருக்கும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் அதை ராத்திரி முழுக்க உங்கள் கட்டிலின் மேல் இறக்குகிறது. அந்த அறையில் போட்ட ஏசி உங்களைக் குளிர்விப்பதற்கு முன்னால் கூரையோடு போராடுகிறது.

மாடியில் வெள்ளை நிறக் கூலிங் டைல்ஸ் பதிப்பது நல்லது. அதற்குக் கையில் பணம் இல்லையென்றால் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட் இரண்டு கோட் போதும். விரிசலை அடைத்த பிறகே பெயிண்ட். தூசி படிந்தால் பலன் குறையும், ஆகவே பங்குனியில் ஒருமுறை மாடியைக் கழுவிவிடுங்கள். அதுவும் முடியாதவர்கள் சுண்ணாம்பு அடிக்கலாம். மழையில் கரையும்தான், ஆனாலும் அந்தக் கோடைக்கு உதவும்.

மேற்குப் பக்க ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத் திரையால் வெளியே தள்ள முடியாது.

4. ஏசி. வருஷத்தில் எட்டு மாதம் ஓடுமென்றால் ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி. அக்னி நட்சத்திரத்தில் மட்டும் போடுவீர்கள் என்றால் மூன்று ஸ்டார் போதும், மிச்சப் பணத்தை மாடிக்குப் போடுங்கள். 24 டிகிரியில் வைத்து ஃபேனையும் மெதுவாகச் சுற்றவிடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு.

5. அதிக நேரம் ஓடும் ஃபேனை முதலில் மாற்றுங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் முப்பது சொச்சம். ஒரு நாளைக்கு 18 மணி நேரம் ஓடும் ஹால் ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட் வரை மிஞ்சும். விருந்தாளி அறை ஃபேனை மாற்றி ஒரு பயனும் இல்லை. மாட்டும்போது சுவரில் இருக்கும் ரெகுலேட்டரை எடுத்துவிடச் சொல்லுங்கள், இந்த ஃபேனுக்கு அது ஆகாது.

6. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். தாராளமாக வந்தால் ரப்பரை மாற்றுங்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற வீட்டில் மோட்டார் தானாக நிற்கும் சுவிட்ச் வையுங்கள்.

7. சோலார் கடைசியில். முதலில் செலவைக் குறைத்துவிட்டு, மீதிக்கு மட்டும் பேனல் போடுங்கள். ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 என்று அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் மாடியேறி, தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழலும் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால் நிழல் இன்னும் நீளும், அதற்கும் இடம் விடச் சொல்லுங்கள். பேனலைக் கழுவ ஒரு தண்ணீர்க் குழாயும், கால் வைத்து நடக்கப் பாதையும் அப்போதே போட்டுக்கொள்ளுங்கள்.