ஈரக்காற்றில் எப்பாக்ஸி: தூண்டில்கோல் கட்டுவோருக்குச் சில பாடங்கள்

ஹுத்தான் மெலிந்தாங்கில் தூண்டில் போட இடம் தேடி அலைய வேண்டியதில்லை. பேராக்கையும் சிலாங்கூரையும் பிரிக்கும் பெர்ணாம் ஆறு ஊரை ஒட்டியே ஓடுகிறது. கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் ஆற்றில் ஏறி வரும். ஊருக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்கள். 1906-இல் ரப்பரோடு தொடங்கிய ஜெண்டராத்தா தோட்டமும் எங்கள் வட்டாரம்தான். கரையோரக் களிமண் நிலத்தில் நீரை வடிக்க வெட்டிய இப்படிப்பட்ட கால்வாய்களில்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் மூங்கில் குச்சியில் தங்கூசி கட்டி விரால் பிடித்துப் பழகினோம்.

கால்வாயில் விரால், ஆற்றில் உடாங் காலா என்கிற இறால், முகத்துவாரத்தில் சியாக்காப் என்கிற கொடுவா. இந்த மூன்றுக்கும் ஒரே கோல் சரிப்படாது. அதனால்தான் கடைக்கோலில் திருப்தியில்லாத பலர் பிளாங்க் என்னும் வெறுங்கோல், தங்கூசி ஓடும் கைடு வளையங்கள், நூல் எல்லாம் தனித்தனியாக வாங்கித் தாமே கட்டத் தொடங்குகிறார்கள். நூல் சுற்றும் கலை கையில் சீக்கிரம் படிந்துவிடும். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது அதற்கு மேல் போடும் எப்பாக்ஸிப் பூச்சில்தான்.

கைடின் காலைப் பிளாங்கோடு பிடித்து வைப்பது நூல். அந்த நூலை உப்பு, வெயில், உரசல் மூன்றிலிருந்தும் காப்பது பூச்சு. பெட்டியில் அச்சடித்திருக்கும் குறிப்பு பெரும்பாலும் 24, 25 பாகை செல்சியஸ் வெப்பமும் உலர்ந்த காற்றும் உள்ள அறையை மனத்தில் வைத்து எழுதியது. நம் ஊரில் மதியம் 32, 33 பாகை. விடியற்காலையில் காற்றே நனைந்திருக்கும். எனவே குறிப்பை நம் காற்றுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வருவதன் சாரம் இதுதான்.

அளவில் விட்டுக்கொடுக்காதீர்கள்

ஒரு தம்பி தன் முதல் கோலை எடுத்து வந்தார். "அண்ணே, மூணு நாளாச்சு, இன்னும் கையில ஒட்டுதுண்ணே" என்றார். "எதுல அளந்தே தம்பி?" என்று கேட்டேன். "பாட்டில் மூடியிலண்ணே. சீக்கிரம் காயட்டுமேன்னு ஹார்ட்னர் கொஞ்சம் கூட ஊத்துனேன்" என்றார்.

பிசுபிசுப்புக்குக் காரணம் அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. எப்பாக்ஸி பெயிண்டைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. அதன் இரு பாகங்களான ரெசினின் மூலக்கூறும் ஹார்ட்னரின் மூலக்கூறும் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. ஹார்ட்னர் கூடிப்போனால், மிச்சமான பங்குக்குப் பிணைய ஜோடி கிடைக்காது. அது உள்ளேயே கிடந்து பூச்சை மென்மையாகவும் ஒட்டலாகவும் வைத்திருக்கும். எத்தனை நாள் காத்திருந்தாலும் அது மாறாது.

தூண்டில்கோல் எப்பாக்ஸிகளில் பெரும்பாலானவை கன அளவில் சரிபாதி. ரெசினுக்கு ஒரு சிரிஞ்சு, ஹார்ட்னருக்கு ஒரு சிரிஞ்சு என்று பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒருபோதும் மாற்றாதீர்கள். வேலை சிறியதாக இருந்தாலும் ஒவ்வொன்றிலும் 3 மில்லிக்குக் குறையாமல் எடுங்கள். 1 மில்லியில் 0.1 மில்லி பிசகினால் அது பத்து விழுக்காட்டுப் பிழை. 3 மில்லியில் அதே பிசகு மூன்று விழுக்காட்டைச் சற்றே தாண்டும். மீந்த கலவை வீணாகிறதே என்று பார்க்காதீர்கள். கெட்ட பூச்சைச் சுரண்டி எடுப்பதைவிட அது மலிவு.

மருந்துக்கடைச் சிரிஞ்சு வாங்கினால், தள்ளுதண்டின் முனையில் ரப்பர் இல்லாத, முழு பிளாஸ்டிக் வகையைத் தேடுங்கள். ரப்பர் முனை வழுக்குவதற்காகச் சிலிக்கோன் எண்ணெய் தடவியிருப்பார்கள். அது துளியளவு கலந்தாலும் பூச்சு அங்கங்கே விலகிக் குழி விழும்.

கலக்கிய கிண்ணத்திலேயே வைக்காதீர்கள்

சுவரையும் அடியையும் வழித்து வழித்து, மூன்று நிமிடமாவது நிதானமாகக் கலக்குங்கள். வேகமாக அடித்தால் குமிழி நிறையும். கலக்கியதும் அலுமினியத் தாளில் மெல்லிய படலமாக ஊற்றிவிடுங்கள். எப்பாக்ஸி இறுகும்போது தானே சூடு கக்கும். குறுகிய கிண்ணத்தில் அந்தச் சூடு தேங்கி, கலவை இன்னும் வேகமாக இறுகும். பரப்பி ஊற்றினால் சூடும் போய்விடும், குமிழியும் மேலே வந்து உடையும். வெப்பம் பத்துப் பாகை கூடினால் இறுகும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதனால் பெட்டியில் அரை மணி நேரம் என்று போட்டிருந்தால் நம் ஊர் மதியத்தில் கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டு வேலையைத் திட்டமிடுங்கள்.

ஈரத்தை வெளியே நிறுத்துங்கள்

மழை பெய்து ஓய்ந்த மாலையிலும் விடியற்காலையிலும் பூச்சு போடாதீர்கள். ஹார்ட்னரில் உள்ள அமைன் என்னும் பொருள், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகு போன்ற மங்கலான படலம் உண்டாக்கும். வெதுவெதுப்பான நீரில் மென்மையான துணியை நனைத்துத் துடைத்தால் அது போய்விடும். துடைக்காமல் அதன்மேல் இரண்டாம் பூச்சு போட்டால் இரண்டும் ஒட்டாது.

அறையைச் சாத்தி, ஏர்கோனை உலர்நிலையில் ஓடவிட்டு ஈரத்தைக் குறையுங்கள். பூசும் நேரத்தில் அதை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் அது கிளப்பும் தூசி ஈரப்பூச்சில் வந்து உட்காரும். குளிர்ந்த அறையில் இருந்த கோலை வெளியே கொண்டுபோய்ப் பூசவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத பனித்துளி நூல்மேல் படிந்துவிடும். நைலான் நூலே ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. பூசும் முன் ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, பிறகு ஆறவிடுங்கள். அதன்பின் சுற்றை வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு நிற்காது.

பூசும் முறை

சாதாரண நைலான் நூல் எப்பாக்ஸியில் ஊறினால் நிறம் கறுத்து, கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். அந்தத் தோற்றம் வேண்டாம் என்றால் முதலில் நிறக்காப்புத் திரவம் பூசி நன்றாகக் காயவிடுங்கள், அல்லது நிறம் மாறாத வகை நூலை வாங்குங்கள்.

முதல் பூச்சு மெல்லியதாக, நூலுக்குள் இறங்குவதாக இருக்க வேண்டும். கைடின் காலுக்கு இருபுறமும் நூல் பிளாங்கைத் தொடாமல் தாண்டும் இடத்தில் சிறு சுரங்கம் இருக்கும். தூரிகையின் நுனியில் ஒரு துளி எடுத்து அதன் வாயில் வையுங்கள். துளி தானாக உள்ளே ஊர்ந்து போகும். மறுமுனையில் ஒரு குமிழி வெளிவந்து உடையும். அதன்பிறகுதான் அந்தச் சுரங்கம் நிறைந்தது என்று பொருள். நிறையாமல் விட்டால் அதற்குள் உப்புநீர் தங்கி, கைடின் கால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். முகத்துவாரத்தில் பயன்படுத்தும் சியாக்காப் கோலில் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துக் கோலை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். மிச்சப் பூச்சு அடியில் திரண்டு தொங்கும். உலர்ந்த தூரிகையால் அதை வழித்தெடுங்கள். குமிழி இருந்தால் ஸ்பிரிட் விளக்கின் சுடரை அடியில் ஒரு கணம் காட்டி நகர்த்தினால் போதும். எதையாவது துடைக்க ஆல்கஹால் பயன்படுத்தியிருந்தால், அதுவும் அந்தத் துணியும் அப்போது மேசையில் இருக்கக் கூடாது.

பிறகு கோலைச் சமமட்டமாகக் கிடத்தி, பூச்சு ஓடாத நிலைக்கு வரும்வரை நிறுத்தாமல் சுழற்ற வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றும் மோட்டார் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று சுற்றும், அது போதுமானது. 230 வோல்ட் மின்சாரம் என்பதால் இணைப்புகளை மூடிக் காப்பிடத் தெரிந்தவரிடம் செய்து வாங்குங்கள்.

எவ்வளவு தடிப்பு?

உடாங் காலா கோலின் உயிர் அதன் மெல்லிய நுனியில் இருக்கிறது. இறால் இரையைத் தடவுவதைக்கூட அது காட்ட வேண்டும். நுனிக் கைடுகளில் கனமாகப் பூசினால் அந்த உணர்வு செத்துவிடும். நூல் மூடினால் போதும், நிறுத்திவிடுங்கள். செடிகொடிக்குள் இழுத்துப் போராடும் விரால் கோலுக்கு இரண்டு பூச்சு தேவை. முதல் பூச்சு இறுகி ஒரு நாளுக்குள் இரண்டாவதைப் போட்டுவிடுங்கள். நாள் கடந்தால் மெல்லிய உப்புத்தாளால் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய பிறகே போட வேண்டும்.

மேற்பரப்பு ஒரு நாளில் காய்ந்தாலும் முழு வலுவுக்கு ஏழு நாள் கொடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கோலை விடாதீர்கள். அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்ஸி 50, 60 பாகையில் இளகத் தொடங்கும்; மூடிய காரின் உள்ளே அந்தச் சூடு எளிதாக வந்துவிடும்.

கைகளைக் காப்பாற்றுங்கள்

இதைக் கடைசியில் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். இறுகாத எப்பாக்ஸி தோலில் பட்டுப் பட்டு, ஒரு நாள் ஒவ்வாமையாக மாறலாம். அப்படி மாறினால் அது வாழ்நாள் முழுவதும் தொடரும். வேலையையே விட வேண்டி வரும். நைட்ரைல் கையுறை போடுங்கள். தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும் போதும். தின்னர் வேண்டாம், அது ரசாயனத்தைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகக் கொண்டுபோகும். உப்புத்தாள் போடும்போது முகக்கவசம் அணியுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் நல்ல பிளாங்கில் கை வைக்காதீர்கள். உடைந்த கோல் துண்டு ஒன்றில் பழைய கைடைக் கட்டி, அதில் பூசிப் பழகுங்கள். அன்றைய வெப்பம், காற்றின் ஈரம், கலந்த அளவு, ஒட்டாமல் காய்ந்த நேரம் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சில பக்கங்கள் நிறைந்ததும், உங்கள் அறைக்கும் உங்கள் ஊர்க் காற்றுக்கும் பொருந்தும் குறிப்பு உங்கள் கையிலேயே இருக்கும்.