இல்லாத கையின் நோவு

சுந்தரபாண்டியபுரத்து வயல்களில் சூரியகாந்தி பூக்கும் பருவத்தில், வரப்பின் மீது நின்று ஒரு விரலை முகத்திற்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பின்னர் அதனைத் திறந்து மற்றதை மூடுங்கள். விரல் ஒரு பூவினின்று வேறொரு பூவிற்குத் தாவும். இரு கண்கள் காணும் காட்சிகள் வேறு வேறு. எனினும் நாம் காண்பது ஒரே வயல். அவ்விரண்டும் ஒன்றாவது எங்ஙனம்?

இத்தகைய வினாக்களே வி. எஸ். இராமச்சந்திரனை ஆராய்ச்சியின்பால் ஈர்த்தன. தமிழ்நாட்டில் 1951-இல் பிறந்த இவர், அரசியலமைப்பு வரைவுக் குழுவில் பணியாற்றிய அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரர். மகன் மருத்துவராக வேண்டுமென்பது தந்தையாரின் விருப்பம். அதன்படியே சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றார். ஆயினும் மாணவராய் இருந்தபோதே பார்வையைப் பற்றி ஆராய்ந்து, 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற ஆங்கில இதழில் கட்டுரை வெளியிட்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜில் பயின்று, 1978-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1983-இல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆசிரியரானார். நோயாளியை விட்டு அவர் விலகிச் சென்றதாகத் தோன்றலாம். ஆராய்ச்சியே அவரை மீண்டும் நோயாளியிடம் கொண்டுவந்து சேர்த்தது.

விபத்தில் கையை இழந்தோருள் பலர், அக்கை இன்னும் இருப்பதாகவே உணர்வர். சிலர்க்கு, இல்லாத விரல்கள் இறுக மூடி, நகங்கள் உள்ளங்கையில் பதிவதுபோன்ற கடுநோவு உண்டாகும். இல்லாத கைக்கு மருந்திடுவது எவ்வாறு?

அத்தகைய ஒருவரின் கன்னத்தை இராமச்சந்திரன் பஞ்சுமுனையால் தொட்டார். இழந்த கையையும் தொடுவதாக அவர் கூறினார்! மூளையில் முகத்திற்குரிய பகுதியும் கைக்குரிய பகுதியும் அடுத்தடுத்து உள்ளன. கையிலிருந்து செய்தி வருவது நின்றபின், முகத்தின் செய்தி அவ்விடத்தையும் எட்டுகின்றது என்று அவர் கருதினார்.

அடுத்து அவர் ஒரு பெட்டியில் சாதாரண முகக்கண்ணாடியை நிறுத்தினார். நோயாளி நல்ல கையை அதன்முன் நீட்ட, இழந்த கை இருக்கவேண்டிய இடத்தில் அதன் நிழலுரு தோன்றிற்று. நல்ல கையை விரித்தபோது மறு கையும் விரிவதாகக் கண் காட்டியது; இறுக்கம் தளர்ந்தது, சிலர்க்கு நோவும் தணிந்தது.

பிறர் பின்னர் நடத்திய சோதனைகளில் பயன் பெற்றோரும் உண்டு, பெறாதோரும் உண்டு. பக்கவாதத்தால் கை தளர்ந்தோர்க்கும் இக்கண்ணாடிப் பயிற்சி இன்று அளிக்கப்படுகின்றது.